பயனர் கைவைக்கும் கான்ஃபிக் கோப்பை ரூபி நிரல் எப்படிப் படிக்க வேண்டும்?

கேள்வி: அலுவலகத்தில் தினசரி அறிக்கைகளைத் திரட்டி உரியவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு சிறிய ரூபி நிரலை எழுதியிருக்கிறேன். அதை ஜெம்மாகக் (ரூபி நிரல்களை நிறுவ உதவும் பொதி) கட்டிச் சக ஊழியர்கள் சிலரின் கணினிகளில் நிறுவியிருக்கிறேன். யாருக்கு அனுப்புவது, எத்தனை மணிக்கு, எந்தக் கோப்புறையிலிருந்து எடுப்பது எல்லாம் ஒரு கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில், "சாவி: மதிப்பு" என்று எழுதும் யாம்ல் வடிவத்தில் இருக்கிறது. அவர்களே திருத்திக்கொள்ளட்டும் என்று சாவிகளைக்கூடத் தமிழில் வைத்தேன். ஆனால் யாராவது கோப்பைத் தொட்டாலே ஏதாவது சிக்கல். சில சமயம் நிரல் நீளமான பேக்ட்ரேஸை (பிழை எழுந்த வழியைக் காட்டும் பட்டியல்) கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சில சமயம் நிற்காமல் தப்பான நேரத்தில் அனுப்புகிறது. ஜெம்மைப் புதுப்பித்தபோது எல்லாருடைய மாற்றங்களும் போய்விட்டன. கோப்பில் எழுதிவைத்த கமெண்டுகள் தாமாகவே மறைகின்றன என்றும் ஒருவர் சொல்கிறார். யாம்லை விட்டு ஜேசன் என்ற வடிவத்துக்குப் போகலாமா? அல்லது கான்ஃபிக்கையே ரூபியில் எழுதச் சொல்லிவிடலாமா? கோப்பின் நகலையும் அதைப் படிக்கும் நிரல்பகுதியையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

யாம்லை இப்போதைக்கு விட வேண்டாம். வடிவத்தை மாற்றினால் உங்கள் தொல்லைகளில் ஒன்றிரண்டு தீரும், புதிதாக வேறு சில வந்து சேரும். நகலையும் நிரல்பகுதியையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தக் கோப்பு யாருடையது என்பது உங்கள் நிரலில் முடிவாகவே இல்லை. நீங்கள் அதை நிறுவுகிறீர்கள், சக ஊழியர்கள் திருத்துகிறார்கள், நிரலும் நடுவில் அதில் எழுதுகிறது, ஜெம் புதுப்பிப்பு வந்து அத்தனையையும் அழிக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கோப்பு முழுக்கப் பயனருடையது. நிரலுக்கு அதைப் படிக்க மட்டுமே உரிமை உண்டு. படிக்கும்போது நம்பாமல் படிக்க வேண்டும், புரியாத இடத்தில் எழுதியவரிடம் அவருக்குப் புரியும்படி கேட்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் கீழே சொல்லப்போகும் மாற்றங்கள் எல்லாம் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

தப்பான நேரத்தில் போன மின்னஞ்சலிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அனுப்பிய நகலில் இந்த வரி இருக்கிறது:

அனுப்பும்_நேரம்: 06:30

நீங்கள் ஜெம்மோடு கொடுத்த மூலக்கோப்பில் 06:30 மேற்கோள் குறிக்குள் இருந்தது. யாரோ திருத்தும்போது குறிகளை எடுத்துவிட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ரூபியில் யாம்லைப் படிக்கும் சைக் நூலகத்துக்கு, மேற்கோள் இல்லாத 06:30 ஓர் எண். யாம்ல் 1.1 விதிப்படி முக்காற்புள்ளியால் பிரித்த எண்கள் அறுபதின் அடுக்கில் எழுதியவை. அதனால் சைக் அதை நொடிகளாக மாற்றி 23400 என்று உங்கள் கையில் கொடுக்கிறது. உங்கள் நிரல் அந்த 23400-ஐ முக்காற்புள்ளியில் பிரிக்கப் பார்க்கிறது. முழு எண்ணுக்கு ஸ்ப்ளிட் என்ற மெத்தடே கிடையாது, பிழை எழுகிறது. அந்த வரியின் கடைசியில் நீங்கள் போட்டிருக்கும் ரெஸ்க்யூ அந்தப் பிழையை விழுங்கிவிட்டு 9 மணி என்று வைத்துக்கொள்கிறது. ஆறரைக்குப் போக வேண்டியது ஒன்பதுக்குப் போகிறது. யாருக்கும் ஒரு செய்தியும் இல்லை.

இதில் யாம்லின் பங்கு பாதி, அந்த ரெஸ்க்யூவின் பங்கு பாதி. கான்ஃபிக் படிக்கும் பகுதியில் வரிக்கடைசி ரெஸ்க்யூ ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயனர் ஒன்றை எழுதியிருக்கிறார், நிரலுக்கு அது புரியவில்லை. அப்போது இயல்புநிலை மதிப்பை எடுத்துக்கொள்வது அவர் எழுதியதை அலட்சியம் செய்வதாகும். ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் மட்டுமே இயல்புநிலை மதிப்புக்கு இடம்.

யாம்லின் பாதி இந்த ஒரு வரியோடு முடியவில்லை. மேற்கோள் இல்லாமல் நோ, ஆஃப் என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஃபால்ஸ் ஆகும், யெஸ், ஆன் என்றால் ட்ரூ ஆகும். சுழியத்தில் தொடங்கும் 0123 எண்ம (எட்டின் அடுக்கு) எண்ணாகக் கருதப்பட்டு 83 ஆகும். பதிப்பு எண் 1.10 என்பது 1.1 ஆகும். ஒரு சாவியின் எதிரே ஒன்றுமில்லாமல் விட்டால் நில் (மதிப்பே இல்லை என்பதற்கான ரூபியின் குறி) வரும். பெறுநர் பட்டியலை யாராவது காலிசெய்துவிட்டுச் சாவியை மட்டும் விட்டுவைத்தால் உங்கள் நிரல் பட்டியலைச் சுற்றிவரும் ஈச்சில் விழுவது அதனால்தான். கோப்பே காலியாக இருந்தால் ஹேஷ் (சாவி-மதிப்புத் தொகுப்பு) வராது, அழைக்கும் மெத்தடைப் பொறுத்து நில்லோ ஃபால்ஸோ வரும். ஒரே சாவி இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் வருவது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முன்னதை மறைத்துவிடும். 2009-இல் வந்த யாம்ல் 1.2 இந்த யெஸ்-நோ, அறுபதடுக்குப் பழக்கங்களைக் கைவிட்டது. சைக் இன்னும் 1.1-ஐ ஒட்டியே நடக்கிறது.

இவை ஒவ்வொன்றையும் உங்கள் சக ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. அவர்கள் 06:30 என்று எழுதினால் அது காலை ஆறரைதான். அதனால் நான் பரிந்துரைப்பது, யாம்ல் கோப்பின் அமைப்பை மட்டும் சைக்கிடம் விட்டுவிட்டு, மதிப்புகளின் வகையை நீங்களே தீர்மானிப்பது. யாம்லில், கோப்பை ரூபி மதிப்புகளாக மாற்றும் லோடுக்குப் பக்கத்திலேயே பார்ஸ் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. பலர் அதைத் தொட்டதே இல்லை. அது ஹேஷைத் தராது, கோப்பின் கிளைமரத்தைத் தரும். மேப்பிங் (சாவி-மதிப்புத் தொகுப்பு) கணுவின் குழந்தைகள் சாவி, மதிப்பு, சாவி, மதிப்பு என்று மாறிமாறி வரிசையாக இருக்கும். ஸ்கேலர் (தனி மதிப்பு) கணுவிடம் வேல்யூ என்று கேட்டால் பயனர் தட்டிய எழுத்துகள் சரமாகவே கிடைக்கும். 06:30 என்றால் 06:30, 0123 என்றால் 0123. அந்தச் சரத்தை எந்த வகையாக மாற்ற வேண்டும் என்பது சாவியைப் பொறுத்து உங்களுக்குத் தெரியும். அனுப்பும்_நேரம் என்றால் நேரம், மறுமுயற்சி என்றால் முழு எண், இணைப்பு_வேண்டும் என்றால் ஆம் அல்லது இல்லை. ஆமாம், சாவிகள் தமிழில் இருக்கும்போது மதிப்பிலும் "ஆம்", "இல்லை" என்று எழுத விடலாம். மாற்றுவது நீங்கள்தானே.

முழு எண்ணாக மாற்றும்போது டூ_ஐ வேண்டாம். "முப்பது" என்று யாராவது எழுதினாலும் டூ_ஐ கூச்சமில்லாமல் சுழியம் தரும். கெர்னலில் இருக்கும் இன்டீஜர் மெத்தடைக் கூப்பிடுங்கள், தப்பானால் பிழை எழுப்பும். அதில் அடிமானம் 10 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 010 அங்கேயும் எண்ம எண்ணாகி 8 ஆகிவிடும்.

பார்ஸ் வழியில் இன்னொரு லாபம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப்படுகிறது. ஒவ்வொரு கணுவுக்கும் அது கோப்பில் எந்த வரியில் தொடங்குகிறது என்பது தெரியும். ஸ்டார்ட்_லைன் என்று கேளுங்கள், எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். லோடு செய்துவிட்டால் இந்தத் தகவல் தொலைந்துபோகும். அப்புறம் "நேரம் சரியில்லை" என்று மட்டும்தான் சொல்ல முடியும், எங்கே என்று சொல்ல முடியாது. சாவிகளை வரிசையாக நீங்களே பார்த்துப் போவதால் ஒரே சாவி இரண்டு முறை வருவதையும் அங்கேயே பிடித்துவிடலாம். மரத்தில் ஏறி இறங்கும் அந்த மெத்தட் ஒரு திரைக்குள் அடங்கும். ஆங்கர், அலையஸ் (ஒரு பகுதிக்குப் பெயரிட்டு வேறிடத்தில் அதையே சுட்டும் யாம்ல் வசதி) வந்தால் "இந்தக் கோப்பில் இது கிடையாது" என்று மறுத்துவிடுங்கள், உங்கள் பயனர்களுக்கு அது தேவையே இல்லை.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் நிரல்பகுதியில் அன்சேஃப்_லோட் இருக்கிறது. ரூபி 3.1-க்கு மாறியபோது தேதிகள் இருந்த கோப்பு பிழை கொடுத்திருக்கும், அதைச் சமாளிக்க அப்படி மாற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பழைய யாம்ல் லோடும் இந்த அன்சேஃப்_லோடும் கோப்பில் சொல்லியிருக்கும் எந்த ரூபி வகுப்பின் பொருளையும் உருவாக்கிவிடும். 2013 ஜனவரியில் ரெயில்ஸ் என்ற ரூபி வலைச்சட்டகத்தில் வெளியான பெரிய ஓட்டையின் வேர் இதுதான். அதே மாதக் கடைசியில் ரூபிஜெம்ஸ் தளத்துக்குள் ஊடுருவியவர்களும் யாம்ல் வழியாகவே நுழைந்தார்கள். அதனால்தான் சைக் 4-இல் லோட் என்பதே பாதுகாப்பான வடிவமாக மாற்றப்பட்டது. 2021 டிசம்பரில் வந்த ரூபி 3.1-இல் அது சேர்ந்தது. நம் ஆட்கள்தானே திருத்துகிறார்கள் என்று நினைக்கலாம். ஆனால் கோப்பு பகிர்ந்த கோப்புறையில் இருந்து, நிரல் வேறொருவர் பெயரில் கிரானில் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் சேவை) ஓடினால், கோப்பில் எழுத முடிந்த எவரும் அந்த இன்னொருவரின் உரிமையோடு வேலை நடத்த முடியும். பார்ஸ் எந்தப் பொருளையும் உருவாக்குவதில்லை, ஆகவே நான் சொன்ன வழிக்குப் போனால் இந்தக் கவலையும் போகும். மரத்தில் ஏறப் பொறுமையில்லை என்றால் குறைந்தபட்சம் சேஃப்_லோட் வையுங்கள். தேதி வகுப்பை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் பழைய கோப்புகளும் வேலை செய்யும்.

இனி, பேக்ட்ரேஸ். கோப்பின் அமைப்பே உடைந்திருந்தால் சைக்கின் சின்டேக்ஸ் எரர் எழும். பெரும்பாலும் காரணம், வரியின் தொடக்கத்தில் ஸ்பேஸுக்குப் பதில் விழுந்த டேப். யாம்ல் உள்தள்ளலில் டேப்பை ஏற்காது. அந்தப் பிழைப்பொருளிடம் வரி எண், நெடுவரிசை எண், என்ன சிக்கல் என்பதெல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. பிடித்து, உங்கள் சொந்த வாக்கியத்தில் சொல்லுங்கள். மூலச் செய்தி ஆங்கிலத்தில், யாம்லின் உள்ளமைப்பு தெரிந்தவருக்காக எழுதப்பட்டது. "டோக்கனைத் தொடங்க முடியாத எழுத்து" என்றால் கணக்கெழுதுபவருக்கு என்ன புரியும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

அமைப்புக் கோப்பைப் படிக்க முடியவில்லை. 14-ஆம் வரி அல்லது அதன் அருகில் சிக்கல். அந்த வரியின் தொடக்கத்தில் டேப் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு ஸ்பேஸ் போடுங்கள். கோப்பு இருக்கும் இடம்: (முழுப் பாதை)

"அருகில்" என்ற சொல் அங்கே வேண்டும். சைக் சொல்லும் வரி எண் சில சமயம் பிழை இருக்கும் இடத்தைக் காட்டாது, பிழைக்கு முந்தைய அமைப்பு தொடங்கிய இடத்தைக் காட்டும். டேப் இருக்கிறதா என்பதை நீங்களே அந்த வரிகளில் தேடிப் பார்த்துச் சொல்லலாம், ஒரு ரெகெக்ஸ் (தேடல் வடிவம்) போதும். முழுப் பாதையை எப்போதும் போடுங்கள். பயனர் ஒரு கோப்பைத் திருத்திவிட்டு நிரல் வேறொன்றைப் படித்துக்கொண்டிருக்கும் குழப்பம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். செய்தியை அபார்ட் மூலம் அனுப்பினால் அது பிழைத்தாரைக்கு (பிழைச் செய்திகளுக்கான வெளியீடு) போய், நிரலும் 1 என்ற குறியீட்டோடு முடியும். கிரானுக்கும் தோல்வி தெரியும். பேக்ட்ரேஸ் உங்களுக்கு வேண்டும்தான், அதற்கு டீபக் என்று ஒரு கட்டளைவரிக் கொடியை (விருப்பத்தேர்வை) வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிழையோடு நிறுத்தாதீர்கள். அமைப்பு சரியாக இருந்து மதிப்புகளில் நான்கு தவறு இருந்தால் நான்கையும் திரட்டி ஒரே தடவையில் காட்டுங்கள். ஒன்றைத் திருத்தி ஓட்டிப் பார்த்து, அடுத்ததைத் திருத்தி ஓட்டிப் பார்ப்பது எவரையும் சோர்வடையச் செய்யும். சரிபார்ப்பு முழுவதும் நிரல் தொடங்கியவுடன் நடக்க வேண்டும். பாதி அறிக்கைகளை அனுப்பிய பிறகு கோப்புறைப் பாதை தவறு என்று கண்டுபிடிப்பதில் யாருக்கும் பயனில்லை.

நிரலுக்குத் தெரியாத சாவி வந்தால் என்ன செய்வது? உங்கள் நிரல் இப்போது அதைக் கண்டுகொள்வதில்லை. யாராவது "பெருநர்கள்" என்று எழுதினால், "பெறுநர்கள்" கொடுக்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு இயல்புநிலைப் பட்டியலுக்கு அனுப்பிவிடும். தெரியாத சாவியைப் பிழையாகவே கருதுங்கள். ரூபியோடு 2.3 முதல் கூடவே வரும் டிட்-யூ-மீன் நூலகத்தில் ஸ்பெல்செக்கர் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. உங்கள் சாவிப் பட்டியலை அகராதியாகக் கொடுத்து, வந்த சொல்லைக் கொடுத்தால் நெருக்கமானதைச் சொல்லும். "9-ஆம் வரி: பெருநர்கள் என்ற சாவி இல்லை. பெறுநர்கள் என்று எழுத நினைத்தீர்களா?" என்று வரும் செய்தி உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதியைக் குறைக்கும்.

தமிழ்ச் சாவி என்பதால் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. உங்கள் "கோப்புறை" சாவியைப் பாருங்கள். "கோ" என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்கொம்பும் பின்காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒரு புள்ளி வித்தியாசம் தெரியாது. ஆனால் ஹேஷுக்கு அவை இரண்டு வெவ்வேறு சரங்கள். பயனரின் விசைப்பலகை அல்லது அவர் வெட்டி ஒட்டிய இடம் இரண்டாவது முறையில் எழுதியிருந்தால், உங்கள் நிரல் "கோப்புறை என்ற சாவி இல்லை, கோப்புறை என்று எழுத நினைத்தீர்களா?" என்று கேட்கும். பயனர் மலைத்துப்போவார். கோப்பைப் படித்த கையோடு முழு உரையையும் யூனிகோட்_நார்மலைஸ் வழியாக அனுப்பிவிடுங்கள். ரூபி 2.2 முதல் சரங்களுக்கு அந்த மெத்தட் உண்டு, இயல்பாகவே எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். நிரலில் நீங்கள் எழுதிய சாவிகளையும் அதே வழியில் அனுப்புங்கள். உங்கள் எடிட்டரும் பிரித்து எழுதியிருக்கலாம்.

படிக்கும்போதே எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிப் படியுங்கள். கோப்பைத் திறக்கும் பயன்முறையிலேயே தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் பாம் (BOM) என்ற யூனிகோட் குறியைத் தவிர்க்கச் சொல்லவும் வழி இருக்கிறது, சில விண்டோஸ் எடிட்டர்கள் அதைச் சேர்த்துவிடும். வேலிட்_என்கோடிங் என்று கேட்டு, இல்லை என்றால் "இந்தக் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்" என்று நிறுத்திவிடலாம். சொற்செயலியில் திருத்தி ஒட்டும் பழக்கம் உள்ளவர் இருந்தால் வளைந்த மேற்கோள் குறிகளும் வரும். யாம்லுக்கு அவை மேற்கோளே அல்ல, மதிப்பின் பகுதியாகிவிடும். அதையும் சரிபார்ப்பில் கவனித்துச் சொல்லுங்கள்.

புதுப்பித்தபோது மாற்றங்கள் போனதற்குக் காரணம் எளிது. கோப்பு ஜெம்மின் அடைவுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு பதிப்பும் தனி அடைவில் இறங்கும், புதியது தன்னோடு வந்த மூலக்கோப்பைப் படிக்கும். ஜெம்முக்குள் இருப்பது இயல்புநிலை மதிப்புகள் மட்டுமாக இருக்கட்டும். பயனரின் கோப்பு அவருடைய வீட்டு அடைவின் கீழ் இருக்க வேண்டும். லினக்ஸில் எக்ஸ்டிஜி மரபுப்படி எக்ஸ்டிஜி-கான்ஃபிக்-ஹோம் என்ற சூழல் மாறி சொல்லும் இடம், அது இல்லையென்றால் வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் அடைவு. விண்டோஸில் ஆப்டேட்டா சொல்லும் இடம். ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் ஷெல்லில் அமைத்த சூழல் மாறிகள் கிரானில் இருக்காது. டெர்மினலில் கிடைத்த கோப்பு கிரானில் கிடைக்காமல் போகலாம். ஓட்டத்தின் தொடக்கத்தில் "இந்தக் கோப்பைப் படித்தேன்" என்று பதிவில் ஒரு வரி எழுதுவது அதற்குத்தான்.

இயல்புநிலை மதிப்புகளின் மேல் பயனரின் மதிப்புகளை ஏற்றும்போது மெர்ஜ் மெத்தட் ஒரு தட்டுவரைதான் போகும். பயனர் மின்னஞ்சல் பகுதியில் சர்வர் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், அந்தப் பகுதி முழுவதும் அவருடையதாக மாறி, இயல்புநிலையில் இருந்த போர்ட் எண் காணாமல் போகும். மெர்ஜுக்கு ஒரு பிளாக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஹேஷாக இருந்தால் உள்ளே போய் மறுபடி மெர்ஜ் செய், இல்லையென்றால் பயனருடையதை எடு என்று எழுதிக்கொள்ளுங்கள். டீப்_மெர்ஜ் என்று தேடினால் கிடைப்பது ஆக்டிவ்சப்போர்ட் என்ற ஜெம்மில் உள்ளது, ரூபியின் சொந்த ஹேஷில் கிடையாது. பட்டியல்களை மட்டும் ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், பயனரின் பட்டியலே முழுப் பட்டியலாக நிற்கட்டும். சேர்த்துவிட்டால் இயல்புநிலைப் பெறுநர் ஒருவரை நீக்க அவருக்கு வழியே இருக்காது. எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு டேட்டா பொருளாகவோ உறையவைத்த ஸ்ட்ரக்டாகவோ (பெயரிட்ட புலங்கள் உள்ள, மாற்ற முடியாத பொருள்) மாற்றி, நிரலின் மற்ற பகுதிகளுக்கு அதைக் கொடுங்கள். ஹேஷைச் சதுர அடைப்புக்குறியில் கேட்டால் தவறான சாவிக்கும் நில் வரும். மெத்தடாகக் கேட்டால் அந்த இடத்திலேயே பிழை வரும்.

கமெண்டுகள் மறைவது கடைசியாக எப்போது அனுப்பினோம் என்ற தேதியை நீங்கள் அதே கோப்பில் எழுதிவைப்பதால். மதிப்புகளைக் கோப்பாக்கும் யாம்ல் டம்ப் எழுதும்போது கமெண்டுகளை எழுதாது. சைக் அவற்றைப் படிக்கும்போதே உதிர்த்துவிடுகிறது. அந்தக் கமெண்டுகள் உங்கள் சக ஊழியரின் நினைவுக்குறிப்புகள்: இன்னாரை ஏன் பட்டியலில் சேர்த்தேன், இந்த நேரத்தை ஏன் மாற்றினேன் என்பவை. ஒவ்வொரு இரவும் நிரல் அவற்றை அழித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. கடைசித் தேதி அமைப்பு அல்ல, நிரலின் நிலை. அதற்குத் தனிக் கோப்பு வையுங்கள், அதை யாரும் திருத்த வேண்டியதில்லை, ஜேசனாகவே இருக்கலாம். அதை எழுதும்போது அதே அடைவில் தற்காலிகக் கோப்பாக எழுதி முடித்து, ஃபைல் ரீநேம் மூலம் இடத்தில் வையுங்கள். நடுவில் நிரல் நின்றுபோனாலும் அரைகுறைக் கோப்பு மிஞ்சாது.

இந்த ரீநேம் வழியைப் பயனரின் கோப்புக்குப் பயன்படுத்த வேண்டிய நிலை எப்போதாவது வந்தால், முதலில் ரியல்பாத் மெத்தடிடம் கோப்பின் உண்மையான பாதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தம் அமைப்புக் கோப்புகளை வேறிடத்தில் வைத்து இணைப்பு மட்டும் கொடுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ரீநேம் அந்த இணைப்பை அழித்து அதன் இடத்தில் வெறும் கோப்பை வைத்துவிடும்.

மின்னஞ்சல் கடவுச்சொல் அதே கோப்பில் இருக்கிறது. அதைச் சூழல் மாறிக்கோ, உரிமையாளர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்புக்கோ உடனே மாற்றுங்கள். சிக்கல் வந்தால் கான்ஃபிக்கை நகலெடுத்து அனுப்புவது எல்லாருக்கும் இயல்பு, எனக்கு நீங்கள் அனுப்பியதிலும் அது இருந்தது. நகலை அழித்துவிட்டேன். ஆனாலும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. ஜேசனில் கமெண்ட் எழுத இடமில்லை, கடைசி உறுப்புக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் கோப்பு செல்லாது. இயந்திரங்கள் பேசிக்கொள்ள நல்ல வடிவம். கையால் திருத்துபவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. டாம்ல் என்ற இன்னோர் அமைப்புக் கோப்பு வடிவம் பற்றி யோசிக்கலாம். 2021 ஜனவரியில் அதன் 1.0 பதிப்பு வந்தது, கமெண்ட் உண்டு, சரம் என்றால் மேற்கோள் கட்டாயம் என்பதால் ஊகிக்கும் தொல்லை குறைவு. ரூபியோடு வராது, தனி ஜெம் வேண்டும். சாவியைத் தமிழில் எழுதினால் அதற்கும் மேற்கோள் போட வேண்டும், 1.0-இல் வெறுமனே எழுதும் சாவிக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் இணைப்புக்கோடும்தான். உங்கள் பயனர்களுக்கு அது தடையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ரூபியிலேயே எழுதச் சொல்வது ஜெம்ஃபைல், ரேக்ஃபைல், பூமா வலைச் சேவையகத்தின் அமைப்புக் கோப்பு போன்றவற்றுக்குப் பொருத்தம். அவற்றைத் திருத்துபவர் நிரலர், அங்கே ஒரு நிபந்தனையோ சுழற்சியோ தேவைப்படும். உங்கள் பயனர்களுக்கு பகுதியை முடிக்கும் ஒரு எண்ட் விட்டுப்போனாலே கோப்பு ஓடாது. அந்தப் பிழை ஸ்கிரிப்ட்எரர் குடும்பத்தைச் சேர்ந்தது, சாதாரண ரெஸ்க்யூவில் அது பிடிபடவும் செய்யாது. கோப்பில் இருப்பது எதுவானாலும் இயங்கும் என்ற பழைய ஆபத்தும் கதவைத் திறந்துகொண்டு திரும்பி வரும்.

அவர்களுக்காக நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று உண்டு: நிரலில் "சரிபார்" என்று ஒரு துணைக்கட்டளை. எதையும் அனுப்பாமல் கோப்பை மட்டும் படித்து, பிழைகள் இருந்தால் சொல்லி, இல்லையென்றால் ஒவ்வொரு அமைப்பின் இறுதி மதிப்பையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டட்டும். "அனுப்பும் நேரம்: காலை 6:30 (உங்கள் கோப்பு, 7-ஆம் வரி)", "மறுமுயற்சி: 3 (இயல்புநிலை)" என்று. நேரத்தைக் "காலை 6:30" என்று விரித்துக் காட்டுவது முக்கியம், நிரல் என்ன புரிந்துகொண்டது என்பது அதில்தான் தெரியும். இதற்கு மேல் போக விரும்பினால் லினக்ஸில் விசுடோ செய்வதைப் பாருங்கள். யாருக்கு நிர்வாகி உரிமை என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்பின் நகலைத்தான் அது எடிட்டரில் திறக்கும், முடித்ததும் சோதித்து, சரியாக இருந்தால் மட்டுமே மூலத்தின் இடத்தில் வைக்கும், தப்பிருந்தால் மறுபடி திருத்துகிறீர்களா என்று கேட்கும். உங்கள் "திருத்து" கட்டளையும் அப்படி நடக்கலாம்.

மாற்றங்களைச் செய்யும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. முதலில் கடவுச்சொல்லை வெளியே எடுங்கள். அடுத்து நிலைக் கோப்பைப் பிரியுங்கள், கமெண்டுகள் அழிவது அன்றோடு நிற்கும். பிறகு கோப்பை வீட்டு அடைவுக்கு நகர்த்துங்கள். பழைய இடத்தில் கோப்பு இருந்தால் புதிய பதிப்பு அதை ஒருமுறை நகலெடுத்துவிட்டு எங்கே வைத்தது என்று சொல்லட்டும், பழையதை அழிக்க வேண்டாம். படிக்கும் பகுதியைப் பார்ஸுக்கு மாற்றுவது கடைசியில். அதற்குச் சோதனைகள் எழுத உங்களிடம் ஏற்கெனவே நல்ல சரக்கு இருக்கிறது: சக ஊழியர்கள் இதுவரை உடைத்த கோப்புகள். டேப் விழுந்தது, மேற்கோள் போனது, பட்டியல் காலியானது என்று ஒவ்வொன்றையும் பெயர்களையும் முகவரிகளையும் மாற்றிவிட்டுச் சோதனை அடைவில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிரல் எந்த வரி எண்ணோடு எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று ரூபியின் சோதனை நூலகமான மினிடெஸ்டில் எழுதிவையுங்கள். புதிதாக யாராவது ஒரு கோப்போடு வந்தால், அவருக்குப் பதில் சொல்லும் முன் அதையும் அந்த அடைவில் சேர்த்துவிடுங்கள்.